ஒத்தக்கண் ராஜாவைக் காட்டிக் கொடுத்தது யார்?

“நான் எதையும் பார்க்கலைங்க.”

கடிகாரம் பழுது பார்ப்பவர் இதை மூன்றாவது முறையாகச் சொன்னார். எதிரே நின்ற இருவரையும் அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மேசைமேல் பிரித்துப் போட்டிருந்த ஒரு கைக்கடிகாரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே சொன்னார்.

“திங்கட்கிழமை கண்ணால பார்த்தேன்னு சொன்னீங்களே சார்,” என்றான் கமா. “இன்னைக்கு வியாழன். அதுக்குள்ள கண்ணை ரிப்பேருக்குக் குடுத்துட்டீங்களா?”

“கமா, கொஞ்சம் சும்மா இரு,” என்றார் சல்லடை.

சல்லடை என்பது அந்த அம்மாளுக்குக் காவல்துறையில் விழுந்த பேர். இன்ஸ்பெக்டராக இருந்தபோது எதையும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டார் என்று சக போலீஸ்காரர்கள் பெருமையாக வைத்தது. நான்கு வருடம் முன்பு, போலீஸ்காரர்கள் மீது பொதுமக்கள் கொடுக்கும் புகார்களை விசாரிக்கும் அலுவலகத்துக்கு மாறிப்போனார். பேர் அதேதான்; சொல்கிறவர்கள்தான் இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறார்கள்.

கமா அதே அலுவலகத்தின் தட்டச்சர். வாக்குமூலம் சொல்பவர் மூச்சு வாங்குவதற்குள் அடித்து முடித்துவிடுவான். அவன் பேச ஆரம்பித்தால் வாக்கியம் முடியாது. அதனால் வந்த பேர். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். திரையில் ‘சாட்சி எண் இரண்டு’ என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

புகார் இதுதான். கடைத்தெருவில் பூட்டு பழுது பார்க்கும் ஒருவரை, ஒரு வீட்டுத் திருட்டு தொடர்பாக எதிரே இருக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். காலையில் போனவர் மாலையில் வலது கையில் மூன்று விரல் உடைந்து வெளியே வந்தார். சப்-இன்ஸ்பெக்டர் அடித்தார் என்று அவர் மனைவி புகார் எழுதிக் கொடுத்தாள். ஸ்டேஷன் அனுப்பிய பதிலில், ‘மேற்படி நபர் காலை 11.05 மணியளவில், ஸ்டேஷனுக்கு வரும் வழியிலேயே, கால் இடறி, நிலைகுலைந்து, வலக்கையை ஊன்றிக் கீழே விழுந்து காயமுற்ற நிலையில் வந்து சேர்ந்தார்’ என்று இருந்தது. அந்தப் பதிலைப் படித்த அன்று கமா, “எல்லா ஸ்டேஷன் வாசலுக்கும் ஒரே மேஸ்திரிதான் தரை போட்டிருக்கான் போல மேடம், வந்தவன் ஒருத்தன் விடாம வழுக்கி விழறான்,” என்றான். ஸ்டேஷன் கேமரா? அன்றைக்குப் பார்த்து வேலை செய்யவில்லையாம்.

அந்த 11.05ஐ உடைக்கக் கூடியவர் இந்தக் கடிகாரக்காரர் ஒருவர்தான். அன்று பதினொன்று இருபதுக்குப் பூட்டுக்காரர் இவர் கடையில்தான் நின்றிருந்தார். இவருடைய மேசை இழுப்பறை திறக்காமல் மாட்டிக்கொண்டிருந்தது. ஊசி போன்ற ஒரு கம்பியை விட்டு இரண்டே நிமிடத்தில் திறந்து கொடுத்துவிட்டு, ‘கூப்பிட்டிருக்காங்க, என்னன்னு கேட்டுட்டு வந்துடறேன்’ என்று ரோட்டைத் தாண்டிப் போனார். மூன்று விரல் உடைந்தவன் செய்யக்கூடிய வேலையா அது? திங்கட்கிழமை இதை அப்படியே சொல்லி, இரண்டு நாள் யோசித்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்றும் சொன்ன மனிதர்தான் இப்போது எதையும் பார்க்கவில்லை என்கிறார்.

நாளையோடு அறுபது நாள் முடிகிறது. அதற்குள் கையெழுத்துப் போட்ட சாட்சி இல்லையென்றால், புகாரின்மேல் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று முத்திரை குத்தி அலமாரிக்கு அனுப்பிவிடுவார்கள்.

சல்லடை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “கையெழுத்து வேண்டாம். யாரு வந்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

கடிகாரக்காரர் ஒற்றைக் கண்ணில் இடுக்கியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நேத்து சாயங்காலம். சாதா டிரஸ்ல ஒருத்தன்.”

“போலீஸா?”

“சட்டை பேண்ட் எல்லாம் சாதாதான். கால்ல பூட்ஸ் மட்டும் டியூட்டி பூட்ஸ்.”

“வேஷத்தைக் கணுக்கால் வரைக்கும்தான் போட்டிருக்கான்,” என்றான் கமா.

“என்ன கேட்டான்?”

“கடையைச் சுத்திப் பார்த்தான். ‘இங்க இருக்கிற வாட்ச்ல ஒண்ணு கூட திருட்டு வாட்ச் இல்லன்னு உன்னால எழுதிக் குடுக்க முடியுமா?’ன்னு கேட்டான். நான் எப்படிங்க சொல்வேன்? யார் யாரோ கொண்டாந்து குடுக்கறாங்க. ‘நாளைக்கு ஒருத்தன் வந்து இது என் வாட்ச்சுன்னு கை காட்டினா நீ உள்ள. அவ்வளவுதான்’னு சொல்லிட்டுப் போயிட்டான்.” அவர் பிரித்துக் கிடந்த கைக்கடிகாரத்தை ஒரு துணியால் மூடினார். “எனக்கு ரெண்டு பொண்ணுங்கம்மா.”

“புரியுது.”

“போறப்ப ஒண்ணு சொன்னான். அதுதான் எனக்கு விளங்கவே இல்லை. ‘ஒத்தக்கண் ராஜான்னு பேரு வச்சா கிரீடம் வந்துடுமா?’ன்னான். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்லைங்களே.”

கமா வாயைத் திறந்தான். சல்லடையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திறந்த வாயை அப்படியே மூடினான். அந்த முகத்தில் ஈயாடவில்லை.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகாது,” என்று சல்லடை எழுந்தார். சொன்ன வார்த்தையில் அவருக்கே உறுதி இல்லாததுபோல இருந்தது.

வெளியே வந்ததும் பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து ஒரு பெண் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். கடை முதலாளி அவள்தான். கோபத்தில் இருந்தாள்.

“நீங்க ஆபீஸர்தானே? நேத்து ஒருத்தன் வந்து கலாட்டா பண்ணிட்டுப் போனான். இதெல்லாம் கேட்க ஆள் இல்லையா?”

“உங்க கடைக்கா வந்தான்?” சல்லடை உள்ளே போனார்.

“முதல்ல இங்கதான் வந்தான். வந்ததும் ‘ஒத்தக்கண் ராஜா யாரு?’ன்னான். எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு, ராஜாவும் இல்ல, ராணியும் இல்லன்னேன். ‘கண்ணாடிக் கடையாத்தான் இருக்கும்னு சொன்னாங்களே’ன்னு அவனா முனகினான். அப்புறம் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தான். பக்கத்துக் கடையில அவரு ஒரு கண்ணுல அந்தக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. பார்த்ததும் இவன் சிரிச்சிக்கிட்டே அங்க போயிட்டான்.”

“கண்ணாடிக் கடையாத்தான் இருக்கும்னு சொன்னாங்க… இதே வார்த்தையா?”

“இதே வார்த்தைதான். எனக்கு ஞாபகம் நல்லா இருக்கும்.”

சல்லடை நன்றி சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். எதிரே ஸ்டேஷன் வாசலில் ஒரு காவலர் ஹோஸ் பைப்பால் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். பேருந்து நிறுத்தத்தின் சிமெண்டு பெஞ்சில் யாரும் இல்லை. சல்லடை போய் அதில் உட்கார்ந்தார்.

“நான் சொல்லட்டுமா மேடம்?” கமாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. “இது நம்ம ஆபீஸ் இயக்குநர் வேலைதான், சாட்சியோட நிஜப் பேரு, கடை விலாசம் எல்லாம் நான் அடிச்சு, நீங்க கையெழுத்துப் போட்டு, கவர்ல வச்சு அரக்கு முத்திரை போட்டு, அவர் ரூம் இரும்பு அலமாரியிலதானே இருக்கு, போன மாசம் முதல் சாட்சி, ஸ்டேஷனைப் பெருக்கற அந்தம்மா, நாம போறதுக்கு முந்தின நாளே வேலையை விட்டுட்டு ஊரை விட்டே போயிடுச்சு, மூணு பேருக்குத்தான் தெரியும், நீங்க, நான், அவர், நீங்க சொல்லலை, நான் சொல்லலை…”

“கவரைப் படிச்சவன் எதுக்குடா கண்ணாடிக் கடைக்குள்ள போகணும்?”

கமா நிறுத்தினான்.

“கவர்ல ‘கடிகாரம் பழுது பார்ப்பவர்’னு தெளிவா இருக்கு,” என்றார் சல்லடை. “படிச்சிருந்தா நேரா கடிகாரக் கடைக்குப் போயிருப்பான். இவன் பக்கத்துக் கடையில போய் ராஜாவைத் தேடியிருக்கான்.”

“ஆமா.”

“சரி. ஒத்தக்கண் ராஜாங்கற பேரு கவர்ல இருக்கா?”

“இல்லையே. ஃபைல்லயே இல்லை. அது நீங்க வச்ச பேரு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஃபோன்ல சொன்னீங்க. ‘ஒத்தக்கண் ராஜா வியாழக்கிழமை பத்து மணிக்குக் கையெழுத்துப் போடறாரு, ஸ்டேஷனுக்கு எதிர்வரிசை, லேப்டாப் எடுத்துட்டு வந்துடு’ன்னீங்க. நான் கூட விழுந்து விழுந்து…” கமாவின் குரல் தேய்ந்தது. அவன் முகம் வெளுத்தது. “மேடம். அந்தப் பேரு தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. உங்களுக்கும் எனக்கும்.”

“ம்.”

“சத்தியமா நான் இல்ல மேடம். என் பொண்டாட்டிகிட்ட கூட சொல்லலை. அவகிட்ட சொன்னா அன்னைக்கே தெருவுக்கே தெரிஞ்சிருக்கும், இவன் புதன்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டியதே இல்லை.”

“நீ இல்லைன்னு எனக்குத் தெரியும். உனக்கு அவர் தொழில் தெரியும். சொன்னது நீயா இருந்தா ‘கடிகாரக்காரர்’னு சொல்லியிருப்ப.” சல்லடை விரலை மடக்கினார். “சொன்ன ஆளுக்குப் பேரு தெரியும். எதிர்வரிசைன்னு தெரியும். தொழில் தெரியாது. ஒத்தக்கண்ணுன்னதும் கண்ணாடிக் கடையா இருக்கும்னு ஊகம் பண்ணியிருக்கு. அதாவது, நான் ஃபோன்ல பேசினதை மட்டும் கேட்ட ஆளு.”

பேருந்து ஒன்று வந்து நின்றது. இவர்கள் ஏறவில்லை என்றதும் கிளம்பிப் போயிற்று.

“நீங்க எங்கேர்ந்து பேசினீங்க மேடம்?” என்றான் கமா மெதுவாக. கேட்டிருக்க வேண்டாமோ என்று கேட்ட பிறகுதான் தோன்றியது.

சல்லடை கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோலத் தேடி, எதையும் எடுக்காமல் மூடினார்.

“சாப்பாட்டு மேசையிலேர்ந்து,” என்றார்.

*

அந்த வீட்டில் இரண்டே பேர். சல்லடையும் அவர் அண்ணனும்.

அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பத்து வயது, அண்ணனுக்கு இருபத்து நான்கு. பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் தலை வாரிவிட்டு ரிப்பன் கட்டியது அண்ணன்தான். ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே என்று கட்டுவார். போலீஸ் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கி வந்து முத்துப் போன்ற கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்ததும் அவர்தான். முப்பது வருடம் பல ஸ்டேஷன்களில் ரைட்டராக இருந்தார். புகார், டைரி, பதில், அறிக்கை என்று ஒரு ஸ்டேஷனில் எழுத வேண்டிய எல்லாவற்றையும் எழுதுகிறவர் ரைட்டர். அவர் எழுதிய காகிதம் கோர்ட்டில் திரும்பி வந்ததே இல்லை என்று பேர். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. அண்ணி இறந்துபோனதிலிருந்து தங்கையுடன்தான்.

வீட்டில் வழக்குகளைப் பற்றிப் பேசுவதில்லை என்பது சல்லடை தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். சாட்சிகளுக்குப் பட்டப்பேர் வைக்கும் பழக்கமே அதற்காக வந்ததுதான். ஃபோனில் பேசும்போது பக்கத்தில் யார் காதில் விழுந்தாலும் புரியக்கூடாது. அந்த ‘யார்’ என்பதில் அண்ணனையும் சேர்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

“நான் வெளியிலயே நிக்கறேன் மேடம்,” என்றான் கமா வாசல் கேட் அருகில்.

“உள்ள வா. சாட்சி வேணும்.”

அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகையின் குறுக்கெழுத்துப் புதிரைப் போட்டுக்கொண்டிருந்தார். கையில் சீவிய பென்சில். மேசைமேல் தங்கைக்கென்று ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

“என்ன பாப்பா, மத்தியானமே வந்துட்ட? உடம்பு சரியில்லையா?” கமாவைப் பார்த்தார். “வாங்க தம்பி, உட்காருங்க.”

ஐம்பது வயதுப் பாப்பா நின்றுகொண்டே பேசினார். “ஒத்தக்கண் ராஜா கையெழுத்துப் போட்டுட்டாருண்ணா.”

கமா தரையைப் பார்த்தான். மேடம் பொய் சொல்லி அவன் கேட்டதே இல்லை.

பென்சில் ஒரு கட்டத்தில் ஓர் எழுத்தை நிதானமாக எழுதியது. “யாரு ராஜா?”

“பூட்டுக்காரர் கேஸ்ல சாட்சி. நேத்து ஒருத்தன் போய் மிரட்டியிருக்கான். இருந்தும் பயப்படாம போட்டுட்டாரு. நாளைக்கு ரிப்போர்ட் போகுது. அந்த சப்-இன்ஸ்பெக்டர் தப்பிக்க முடியாது.”

“அதெப்படி?” பென்சில் நின்றது. “ஒரு கண்ணாடிக் கடைக்காரன் கையெழுத்துப் போட்டா ஆயிடுமா? உள்ள உட்கார்ந்து கண்ணாடி விக்கறவன் ரோட்டுல நடந்ததை எப்படிப் பார்த்தான்னு முதல் கேள்வியிலயே…”

அவர் நிறுத்தினார்.

“கண்ணாடிக் கடைன்னு நான் சொல்லலையேண்ணா,” என்றார் சல்லடை.

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் பென்சிலைப் பத்திரிகையின்மேல் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

“அவரு கடிகாரம் ரிப்பேர் பண்றவரு. கண்ணாடிக் கடைன்னு தப்பா நெனச்ச ஆளு ஒரே ஒருத்தர்தான். அந்த ஆளு சொல்லித்தான் நேத்து ஒருத்தன் முதல்ல அங்க போயிருக்கான்.”

“பாப்பா…”

“பெருக்கற அம்மா விஷயமும் நீங்கதானா?”

அவர் மறுக்கவில்லை. மறுப்பார், கோபப்படுவார், என்னையா சந்தேகப்படுற என்று கத்துவார் என்றெல்லாம் வழிநெடுக எதிர்பார்த்துக்கொண்டு வந்திருந்தார் சல்லடை. அப்படிக் கத்தினால் தேவலை என்றுகூட நினைத்திருந்தார்.

“உட்காரு. சொல்றேன்,” என்றார் அண்ணன்.

“நிக்கறேன்.”

“ரிட்டயர் ஆகி ஆறு வருஷம். ஒருத்தன் கூப்பிடலை. நான் சொல்லிக் குடுத்த பசங்க ரோட்டுல பார்த்தா தலையைத் திருப்பிக்கிறாங்க. தங்கச்சி புகார் ஆபீஸ்ல இருக்கா, இவர்கிட்ட பேசினா ஆபத்துன்னு. அது உனக்குத் தெரியுமா? அப்படி இருக்கறப்ப அவன் கூப்பிட்டான். ‘ரைட்டர் அண்ணே, உங்களை விட்டா எங்களுக்கு யாரு’ன்னான்.”

“யாரு? அந்த சப்-இன்ஸ்பெக்டரா?”

“உன் ஆபீஸ்லேர்ந்து நோட்டீஸ் வந்ததும் ஆடிப் போயிட்டான். சின்னப் பையன். கை நீண்டுடுச்சு, தெரியாம நடந்துடுச்சு. பதில் எப்படி எழுதறதுன்னு கூட அவங்க ஸ்டேஷன்ல எவனுக்கும் தெரியலை.”

சல்லடை இரண்டு கையாலும் நாற்காலியின் முதுகைப் பிடித்தார். “ஸ்டேஷன் பதில்…”

“நான் எழுதினதுதான்.”

கமா ‘ஐயோ’ என்று வாய்க்குள் சொன்னான்.

“எந்த இடத்துல உட்கார்ந்து எழுதினீங்க?”

அவர் சாப்பாட்டு மேசையைப் பார்த்தார். பதில் வேண்டியிருக்கவில்லை. அந்தப் பதிலை அலுவலகத்தில் இருபது முறையாவது படித்து, ஒரு ஓட்டையும் அகப்படாமல், எழுதியவன் கெட்டிக்காரன் என்று சல்லடை ஒருநாள் இதே மேசையில் வாய்விட்டுச் சொன்னதுண்டு. அன்று அண்ணன் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று கரண்டியை நீட்டினார்.

“அந்த ஆளுக்கு மூணு விரல் போச்சுண்ணா. பூட்டுத் திறக்கற கை.”

“நான் அடிக்கலையே.”

“இல்ல. நீங்க எழுதினீங்க.”

“எழுதறது என் வேலை பாப்பா. முப்பது வருஷம். உள்ள என்ன நடந்தாலும் வெளிய கோணாம எழுதணும். எத்தனை பேர் என் பேனாவுல வழுக்கி விழுந்தாங்கன்னு எனக்கே தெரியாது. அந்தப் பேனாவுலதான் நீ படிச்ச, நீ வேலைக்குப் போன. அப்பல்லாம் கேட்டியா?”

சல்லடைக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளாமலே கேட்டார்: “எழுதினதோட நகல் வச்சிருக்கீங்களா?”

நல்ல ரைட்டர் நகல் வைக்காமல் எதையும் கொடுக்கமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். அண்ணன் எழுந்து அறைக்குள் போய், ஒரு பழைய அட்டைக் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார்.

சல்லடை படித்தார். அதே வாசகம். கால் இடறி, நிலைகுலைந்து, வலக்கையை ஊன்றி. ஒரே ஓர் இடம் மட்டும் வேறு. ‘காலை’ என்பதற்கும் ‘மணியளவில்’ என்பதற்கும் நடுவே ஒரு கோடு போட்டுக் காலியாக விட்டிருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: ‘உங்களுக்கு எது வசதியோ அதைப் போட்டுக்கொள்ளவும்.’

“கமா,” என்று நீட்டினார்.

கமா படித்துவிட்டுத் தலையை ஆட்டினான். விழுந்தது எப்போது என்று தெரியாமலே ஒருவன் விழுந்த கதை. அந்த 11.05 விழுந்தவனுடைய நேரம் அல்ல, பதில் எழுதியவர்களுடைய வசதி.

“இதை நான் எடுத்துட்டுப் போறேன்,” என்றார் சல்லடை.

“இதுல என் கையெழுத்து வேணுமே. இல்லன்னா செல்லாது.” அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாளின் அடியில் கையெழுத்தும் தேதியும் நேரமும் போட்டார். முத்துப் போன்ற அதே எழுத்து. “என் பேரை எழுதிக்கோ. ரைட்டர்னு எழுதிக்கோ. அண்ணன்னு எழுதாதே பாப்பா. அது மட்டும் வேண்டாம்.”

சல்லடை தாளைக் கோப்புறைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு அறைக்குள் போய் ஒரு சூட்கேஸோடு வெளியே வந்தார். கூடத்தைத் தாண்டும்போது அண்ணன் எழுந்து நின்றார்.

*

இயக்குநர் அந்தத் தாளை மூன்று முறை படித்தார். வயதில் சல்லடையைவிட இளையவர், சட்டம் படித்தவர், குரலை உயர்த்தாதவர். காலையில் அவரைச் சந்தேகப்பட்ட கமா கதவருகில் கூச்சத்தோடு நின்றான்.

“இந்த விசாரணையை இனிமே நீங்க நடத்த முடியாது,” என்றார் இயக்குநர். “உங்க மேலயும் ஒரு விசாரணை வரும். சாட்சி பத்தி வீட்டுலேர்ந்து பேசினது உங்க தப்பு.”

“தெரியும் சார்.”

“ஸ்டேஷன் பதில் பொய்னு இந்தத் தாள் ஒண்ணே சொல்லுது. இது எங்கேர்ந்து கிடைச்சதுன்னு எழுதாம விட்டிருந்தா, உங்க மேல ஒண்ணும் வந்திருக்காது.”

“அப்படி மறைச்சா, அடுத்த சாட்சியை எந்தப் பேரு வச்சு நான் காப்பாத்துவேன் சார்?”

இயக்குநர் தாளைக் கோப்பில் வைத்தார். சாட்சியை மிரட்டியது தனிக் குற்றம், அதற்குத் தனிப் புகார் பதிவானால் அறுபது நாள் கெடு தானாகவே தள்ளிப்போகும் என்றார். யாராவது ஒருவர் புகார் கொடுக்க வேண்டும்.

“நான் குடுக்கறேன்,” என்றார் சல்லடை.

கமா லேப்டாப்பைத் திறந்தான். நான்கு வருடமாக இவர் கேள்வி கேட்க, அவன் அடித்துக்கொண்டிருந்தான். இப்போது கேள்வி அவனுடையது. புகார்தாரர், முகவரி, சம்பவம் நடந்த இடம். ‘இடம்’ என்ற கட்டத்தில், சாட்சியைப் பற்றிய சேதி கசிந்த தன் வீட்டு விலாசத்தையே சல்லடை சொன்னார். எதிர்த்தரப்பு: ஒரு சப்-இன்ஸ்பெக்டர், டியூட்டி பூட்ஸ் போட்ட அடையாளம் தெரியாத ஒருவர், ஓய்வு பெற்ற ரைட்டர் ஒருவர்.

கமாவின் விரல் நின்றது. “மேடம், மூணாவது நபருக்கும் புகார்தாரருக்கும் உறவு என்னன்னு ஒரு கட்டம் இருக்கு. கட்டாயம் இல்லை. விட்டுடலாம்.”

சல்லடை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணன்னு போடு,” என்றார்.

*

மூன்றாம் நாள் பூட்டுக்காரரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தாள். வாரம் தவறாமல் வருகிறவள். வழக்கமாக இவர்கள் முகத்தைப் பார்த்தே ஒன்றுமில்லை என்று புரிந்துகொண்டு திரும்பிவிடுவாள். அன்று சல்லடை அவளை உட்கார வைத்தார். சப்-இன்ஸ்பெக்டரை ஸ்டேஷன் வேலையிலிருந்து விலக்கி வைத்திருப்பதையும், வேறொரு அதிகாரி விசாரணையை எடுத்துக்கொண்டதையும், நேற்று கடிகாரக்காரர் தானாகவே இயக்குநர் அறைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டதையும் சொன்னார். அவள் முகம் மலர்ந்தது.

“இன்னொண்ணும் சொல்லணும்,” என்றார் சல்லடை. “ரெண்டு சாட்சியையும் காட்டிக் குடுத்தது என் வீட்டுலேர்ந்துதான். என் அண்ணன். ஸ்டேஷன் பதிலை எழுதினதும் அவர்தான்.”

மலர்ந்த முகம் அப்படியே உறைந்தது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“உங்களை நம்பித்தானே சொன்னோம்?”

“ஆமாம்மா.”

“ரெண்டு மாசமா அவர் சட்டைக்குப் பொத்தான் நான் போட்டுவிடறேன். சாப்பாடு பிசைஞ்சு குடுக்கறேன். பச்சைக் குழந்தை மாதிரி உட்கார்ந்திருக்காரு. அந்தப் பொய்யை உங்க வீட்டு மேசையிலயா எழுதினாங்க?”

கமா குறுக்கே ஏதோ சொல்ல வந்தான். சல்லடை கையமர்த்தினார். “நீங்க என் மேலயும் புகார் குடுக்கலாம். ஃபாரம் இவன் தருவான்.”

அவள் வாசல் வரை போனாள். அங்கே நின்றாள். சுவரோரம் இருந்த சூட்கேஸ் அவள் கண்ணில் பட்டது.

“வளர்த்தவரா?” என்று கேட்டாள், திரும்பாமல்.

“பத்து வயசுலேர்ந்து.”

“அவர் மேலயே எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேன்.”

அவள் திரும்பி வந்தாள். ஆனால் உட்காரவில்லை. கோபம் இன்னும் அவள் முகத்தில்தான் இருந்தது.

“எங்க வீட்டுக்காரருக்கு விரல் கூடிடும்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. பழைய மாதிரி வளையாது, ஆனா கூடிடும்,” என்றாள். “உங்களுக்கு ஆனது கூடற முறிவு இல்லீங்க.”

கமாவின் மேசையிலிருந்து ஒரு ஃபாரத்தைத் தானே எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கொடுப்பாளா மாட்டாளா என்று சொல்லாமலே படியிறங்கிப் போனாள்.